டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது

போன வாரம் பாக்கியராஜை அவனுடைய ஸ்டுடியோவில், பூட்டிய இழுப்பறைக்கு முன்னால் தனியாக விட்டுவிட்டு வந்தோம். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட கையோடு போனை எடுத்து, "உங்க பொண்ணு கல்பனா கல்யாண வீடியோ டி-ல பத்திரமா இருக்குதும்மா" என்று பூவம்மாளிடம் சொன்னானே, அதே இடம்தான். அப்படி அவன் சொன்னது அது மூன்றாவது தடவை.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்துகொள்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்கியராஜ் மணவாள நகரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவன் மனைவி சோனியா போட்டோ எடுப்பாள். எடுத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்த கம்ப்யூட்டர் டிஸ்க், எஸ்எஸ்டி என்கிறார்களே, உள்ளங்கைக்குள் அடங்குகிறது, அது புரட்டாசி மாதம் ஒரு காலையில் உயிரை விட்டது. ரிப்பேருக்குச் சென்னை போய்த் திரும்பியும் வந்துவிட்டது. ஒன்றும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது வந்து இழுப்பறையில் கிடப்பது சோனியாவுக்குக்கூடத் தெரியாது.

இன்று செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள்.

சோனியாவின் தம்பி ஜோஷ்வா காலையிலேயே வந்துவிட்டான். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. செவ்வாய்தான் அவனுக்கு வார விடுமுறை. பையில் புது டிஸ்கும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும்.

"நாஷ்டா துன்னியா?" என்றாள் சோனியா.

"பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி துன்னேன்க்கா. சட்னின்னு ஒண்ணு ஊத்தினான், அத்தப் பத்திப் பேசவேணாம்."

கம்ப்யூட்டரின் திருகுகளைக் கழற்றி, புது டிஸ்கைப் பொருத்தி, மூடியைப் போட்டான். விண்டோஸ் ஏற்றுகிற பென் டிரைவைச் செருகினான். திரையில் புது டிஸ்க் முழுவதும் ஒரே வரியாக வந்து நின்றது. இன்னும் யாருக்கும் ஒதுக்காத இடம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"சொல்லு மாமா. ஒண்ணாவே வுடட்டுமா, ரெண்டா பிரிக்கட்டுமா?"

"ரெண்டா பிரி." பாக்கியராஜ் யோசிக்கவே இல்லை. "சி ஒண்ணு, டி ஒண்ணு. எப்பவும் போல."

"இன்னாத்துக்கு?"

"இன்னாடா கேள்வி இது? விண்டோஸ் கெட்டுப்போச்சின்னா சி-ய மட்டும் அழிச்சிட்டு மறுபடி போட்டுக்கலாம். டி-ல இருக்கறதத் தொடவே வேணாம்."

"அது நெசம். அந்த ஒண்ணுக்கு அது உதவும்." ஜோஷ்வா தலையை ஆட்டினான். "ஆனா பிரிச்சா இன்னொரு பேஜாரும் இருக்குது. உனக்கு எடிட்டிங் சாப்ட்வேர் தின்ற எடத்துக்கு சி ரொம்பிப்போச்சின்னு எப்பவும் சிவப்பாவே காட்டும். டி-ல பாதி காலியா கெடக்கும், அங்கருந்து இங்க எடுத்துக்க முடியாது. சுத்தற டிஸ்க் இருந்த காலத்துல பிரிச்சா கொஞ்சம் வேகமாச்சும் கெடைக்கும்னு சொல்வாங்க. இதுல அதுவும் இல்ல."

"எனக்கு வேகம் வேணாம்டா. பாதுகாப்பு வேணும்."

சோனியா டீ டம்ளர்களை மேஜையில் வைத்தாள். "ஆமா ஜோஷ்வா, ரெண்டாவே போட்டுக் குடு. அப்டி இருந்ததாலதான இந்த வாட்டி தப்பிச்சோம். டிஸ்க் போச்சு, ஆனா டி நல்லா இருக்குதாம். சென்னையில அத்த எடுத்துக் குடுத்துடறேன்னு சொல்லிக்கீறாங்க."

ஜோஷ்வாவின் கை மவுஸ் மேலேயே நின்றது.

"பழசு எத்தினி டிஸ்க் இருந்துச்சுக்கா?"

"ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணுலயே சி-யும் டி-யும்?"

"ஆமா."

"அப்ப டிஸ்க் செத்துட்டா டி மட்டும் எப்டிக்கா நல்லா இருக்கும்?"

சோனியா தம்பியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் டீ டம்ளரை எடுத்து, குடிக்காமல், அதே இடத்தில் வைத்தான்.

"மாமா, நான் ஃபேக்டரிக்கு எடுத்துக்கினு போற டிபன் டப்பாவுல நடுவுல ஒரு தகடு இருக்கும். இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் பொரியல். கைதவறி டப்பா கீழ வுழுந்துச்சுன்னா, பொரியல் மட்டும் டப்பாவுலயே குந்திக்கினு இருக்குமா?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

பாக்கியராஜ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"எப்ப வந்துச்சு?" என்றாள் சோனியா.

"போன திங்கக்கெழமை."

"அதுல?"

"ஒண்ணும் இல்ல. எடுக்க முடியாதுன்னு சொல்ட்டாங்க."

"கல்பனா கல்யாணம்?"

அவன் செய்தித்தாளை மறுபடி சுற்றினான்.

"கேமரா கார்டு இருக்குதில்ல? கார்டுல பாத்தீங்களா?"

"கார்ட அன்னிக்கி ராத்திரியே அழிச்சிட்டேன். அடுத்த நாள் இன்னொரு கல்யாணம் இருந்துச்சே."

"காப்பி ஆச்சான்னு நான் கேட்டேன் உங்கள."

"ரெண்டு காப்பி ஆச்சுன்னுதான் சொன்னேன். சி-ல ஒண்ணு, டி-ல ஒண்ணு."

அவன் சொன்னது பொய் இல்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் அவன் அதைச் செய்தான். கார்டிலிருந்து சி-க்கு, சி-யிலிருந்து டி-க்கு. பச்சைப் பட்டை ஊர்ந்து முடிகிற வரைக்கும் முக்கால் மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பான். தன் தொழிலில் தான் சுத்தம் என்று அவனுக்கு ஒரு பெருமை. கடை விசிட்டிங் கார்டில், பெயருக்குக் கீழே, 'உங்கள் நினைவுகள் இரண்டு இடங்களில் பத்திரம்' என்று அச்சடித்தே வைத்திருந்தான். இரண்டு எழுத்து இருந்ததால் இரண்டு இடம் என்று நினைத்துவிட்டான்.

"நான் சொன்னேன்," என்றாள் சோனியா. குரலை உயர்த்தவில்லை. "பொங்கல் கழிச்சி, வெளிய தனியா ஒரு டிஸ்க் வாங்கி ஊட்ல வெக்கலாம்னு சொன்னேன். இன்னா சொன்னீங்க?"

"சோனியா, ஜோஷ்வா இருக்கான்."

"இருக்கட்டும். இன்னா சொன்னீங்க?"

"உனக்கு இன்னா தெரியும்னு கேட்டேன்."

மைத்துனன் எதிரில் ஒரு மனுஷன் அப்படிச் சொல்ல வேண்டி வந்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காது மடல் வரைக்கும் சூடேறியது. ஆனால் அவனைத் தின்றுகொண்டிருந்தது அதுகூட இல்லை.

"வீடியோ எடுக்கறவங்க சங்கக் கூட்டத்துல மைக்கப் புடிச்சிக்கினு சொன்னேன் ஜோஷ்வா. ரெண்டா பிரிச்சி, ரெண்டு காப்பி போடுங்க, கார்ட தைரியமா அழிங்கன்னு. எட்டுப் பேரு எழுதிக்கினாங்க. ஒருத்தரு வயசானவரு, கைய புடிச்சி, நல்லா புரியறமாதிரி சொன்னப்பான்னாரு."

ஜோஷ்வா நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "அவங்க எல்லாருக்கும் போன் போடணும் மாமா. இன்னிக்கே."

"போடறேன்."

"அப்ப இத்த ஒண்ணாவே வுட்டுடறேன்."

"வேணாம். ரெண்டாவே பிரி."

அக்காளும் தம்பியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"டி-ல இருக்குது டி-ல இருக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்டா. யாராவது வந்து காட்டுன்னா, டி-ன்னு ஒண்ணு இருக்கவாவது வேணாமா?"

"காலி ரூமுக்குக் கதவு மாட்டினா உள்ள ஆளு வந்துடுவாங்களா மாமா?"

"நீ பிரிடா. சொல்றத செய்."

அந்த நேரத்தில்தான் முன்பக்கத்தில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"நைனா? ஸ்டுடியோ நைனா? உள்ளதான் கீறியா?"

மூன்று பேருக்கும் குரல் தெரிந்தது. செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள் பூவம்மாள். ஐம்பது வயதிருக்கும். கணவன் போன பிறகு இரண்டு காணி நெல்லை ஒற்றை ஆளாகப் பயிரிட்டு, அதில் ஒரே மகள் கல்பனாவைப் படிக்க வைத்து, ஆவணியில் கல்யாணமும் செய்து கொடுத்தவள். மருமகன் பார்த்திபனுக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை. மகள் இப்போது அங்கே.

சோனியா ஓடிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பூவம்மாள் உட்காரவில்லை. நேராகத் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துக்கே வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு புது பென் டிரைவ், அட்டை பிரிக்காமல்.

"கல்பனா வாங்கி அனுப்பிச்சா. இதுல போட்டுக் குடுத்தா டிவி பின்னால சொருவிக்கலாமாம். தல தீபாவளிக்கு வராங்க இல்ல, எல்லாரும் குந்தி பாக்கணும்னு. ஆல்பம் ரொம்ப அழகா இருக்குது சோனியாம்மா. ஆனா போட்டோ அசையாம நிக்குதே."

"அம்மா, செல்போன்ல யாருமே எடுக்கலையா?" என்றான் ஜோஷ்வா மெதுவாக. ஒரு வழி இருக்காதா என்று தேடினான்.

"எடுத்தாங்களே, அம்பது பேரு எடுத்தாங்க! தாலி கட்டசொல்ல எல்லார் போன்லயும் இந்த நைனா முதுவுதான் தெரியுது. சட்டையில சாயம் போன எடம் வரிக்கும் நல்லா தெரியுது, பொண்ணு மட்டும் தெரியல." பூவம்மாள் சிரித்தாள். குறை சொல்கிற சிரிப்பு இல்லை. "இவுரு எடுத்ததுலதான் இருக்குது எல்லாம். நான் பாக்கல இல்ல, அதனாலதான் ஆசையா கீது."

"நீங்க பாக்கலயா?" என்றாள் சோனியா.

"மேடைக்கு எங்கண்ணனும் அண்ணியும்தான் போனாங்க. தாரை வாத்துக் குடுக்க. நான் தாலியறுத்தவ, அந்த நேரத்துல எதுக்க நிக்கலாமா? யாரும் போவாதன்னு சொல்லலம்மா. சொல்றதுக்குள்ள நானே சமையக்கட்டுக்குப் போயிட்டேன். யாராவது வாயத் தொறந்து சொல்லிட்டாங்கன்னா அப்பால அது மனசுலயே நிக்கும், பாரு. அண்டா பின்னால குந்திக்கினு இருந்தேன். மேளம் வேகமா அடிச்சாங்க. ஆச்சுன்னு தெரிஞ்சுக்கினேன்."

பாக்கியராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எங்கே பார்ப்பது?

"இதுலதான் இருக்குதா நைனா?" பூவம்மாள் குனிந்து திரையைப் பார்த்தாள். "டி-ல இருக்குதுன்னு சொல்வியே. இதுல எது டி?"

வெள்ளைத் திரையில் அந்த ஒரே வரி. பூவம்மாள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதன் மேல் வைத்தாள், தொட்டால் அழிந்துவிடுமோ என்கிற மாதிரி.

"இங்கயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது, தீபாவளிக்குள் தருகிறேன் என்று இன்னும் நாலு வார்த்தை. நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டன. மூன்று தடவை சொன்னவனுக்கு நாலாவது தடவை கஷ்டமா?

"இல்லம்மா," என்றான். "அங்க ஒண்ணும் இல்ல."

"பின்ன எங்க கீது?"

"எங்கயும் இல்ல. அழிஞ்சிபோச்சு. டிஸ்க் போச்சு, அதுல இருந்த ரெண்டு காப்பியும் போச்சு. ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. எனக்குத் தெரிஞ்சேதான் உங்ககிட்ட இருக்குது இருக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

வெளியே ரயில்வே கேட்டுப் பக்கமிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ஜோஷ்வா," என்றான் பாக்கியராஜ், திரும்பாமலே. "பிரிக்காத. ஒண்ணாவே வுடு."

ஜோஷ்வா மவுஸை ஒரு தடவை அழுத்தினான். விண்டோஸ் தன் பாட்டுக்கு ஏற ஆரம்பித்தது. இரண்டாவது காப்பிக்குத் தனி டிஸ்க் என்றும், அது வீட்டில் பீரோவில் இருக்கும் என்றும் சோனியா அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். கேட்டுச் செய்கிற காலம் போய்விட்டது.

"வாங்கின பணத்த திருப்பிக் குடுத்துடறேம்மா," என்றான் பாக்கியராஜ்.

"டப்பு இன்னாத்துக்கு நைனா?" பூவம்மாள் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தலைகுனிந்து வாங்கிக்கொண்டிருப்பான், கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் திட்டவில்லை. பென் டிரைவை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"சரி. வீடியோ போச்சு. நீ போவல இல்ல? எதுக்க நின்னவன் நீதான? நீ பாத்திருப்ப. சொல்லு, என் பொண்ணு எப்டி இருந்தா?"

இப்படி ஒன்று வரும் என்று அவன் நினைக்கவே இல்லை. எல்லாத் தாய்மாருக்கும் சொல்வதற்கு அவனிடம் ஒரு வரி எப்போதும் தயாராக இருக்கும். மகாலட்சுமி மாதிரி இருந்தாம்மா என்பான், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த வரியை இன்று வெளியே எடுக்க அவனுக்குக் கூசியது.

ஏனென்றால் அந்தக் காலை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இத்தனை நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தான்.

"அவ கேமராவ பாக்கவே இல்லம்மா."

"ஆல்பத்துல நேரா பாக்கறாளே?"

"அது நான் கத்தினதுக்கு அப்பால." திரையை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். "மாப்ள தாலிய கையில வாங்கிட்டாரு. எல்லாரும் அட்சத போட ரெடியா நிக்கறாங்க. பொண்ணு தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கினே இருக்குது. எனக்கு மூஞ்சி கெடைக்கல. 'எம்மா பொண்ணு, இங்க பாரு, கேமராவ பாரு'ன்னு ரெண்டு வாட்டி கத்தினேன். அப்பதான் திரும்புச்சு. சோனியா அத்த எடுத்தா."

"எந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்தா?"

"சமையக்கட்டுக் கதவு இருக்கற பக்கம்மா."

பூவம்மாள் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்கு அப்ப புரியலம்மா. எனக்கு மூஞ்சி வேணும், அவ்ளோதான் தெரிஞ்சுது. உங்களத்தான் தேடுதுன்னு இப்ப நீங்க அண்டா பின்னால இருந்தேன்னு சொல்லசொல்லத்தான்…" கல்யாணத்துக்குக் கல்யாணம் அவன் எத்தனை பெண்களை இப்படிக் கத்தித் திருப்பியிருக்கிறான்! டிஸ்க் செத்தது யார் கையிலும் இல்லை. இது அவன் வாயிலிருந்து வந்தது.

"எவ்ளோ நேரம் பாத்தா?" என்றாள் பூவம்மாள், முந்தானைக்குள்ளிருந்து.

"மேடைக்கு வந்து குந்தினதுலேருந்தே."

சோனியா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முகத்தில் ஒரு தடுமாற்றம். இனிமேல் இந்தக் கடையில் எதையும் மூடி வைப்பதில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"இன்னொண்ணும் இருக்குதும்மா. நான் பெரிய லென்ஸ் போட்டிருந்தேன். உதடு அசையறது வரிக்கும் தெரியும். தாலி எடுக்கறதுக்கு முன்னால கல்பனா பின்பக்கம் சாஞ்சி ஏதோ கேட்டா. மேளச் சத்தத்துல காதுல வுழல."

"யாரக் கேட்டா?"

"பின்னால நின்னவர. உங்க அண்ணன."

பூவம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "எங்கண்ணனையா? அவுரு இன்னா சொன்னாரு?"

"தலைய ஆட்டினாரும்மா. வேணாம்னு. அவ மறுபடி கேட்டா. மறுபடி ஆட்டினாரு."

அம்மாவைக் கூப்பிடச் சொல்லித்தான் கேட்டிருப்பாளோ?

யாரும் சொல்வதற்குள் தானே போய்விட்டதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவள், ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். பட்டன் போன். கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.

"அம்மா, தீபாவளி முடியட்டும்மா," என்றாள் சோனியா பதறி. "நல்ல நாளும் அதுவுமா…"

"நல்ல நாளுன்னுதான அன்னிக்கும் நான் உள்ள போனேன்?"

மணி போகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பூவம்மாள் போனைத் தன் காதில் வைக்கவில்லை. கையை நீட்டி பாக்கியராஜிடம் கொடுத்தாள்.

"வீடியோ போச்சுன்னு நீயே சொல்லு நைனா. கத்தினதையும் சொல்லு. அப்பால, அன்னிக்கு அவ மாமாகிட்ட இன்னா கேட்டான்னு கேளு. நான் கேட்டா சொல்லமாட்டா."

அவன் வாங்கிக்கொண்டான். ஜோஷ்வா எழுந்து வெளியே போகப் பார்த்தான். "இருடா" என்று சோனியா கண்ணாலேயே நிறுத்தினாள்.

"அம்மா!" போனில் கல்பனாவின் குரல், பின்னால் குக்கர் விசிலோடு. "வாங்கிட்டியா? இன்னா நல்லா வந்துக்கீதா? எனக்கு ஒரே ஒரு எடம் பாக்கணும்மா, மொதல்ல நான் மட்டும் தனியா பாக்கணும். யாருக்கும் போட்டுக் காட்டிடாத, சொல்லிட்டேன். ஹலோ? அம்மா?"

"அம்மா இல்ல கல்பனா," என்றான் பாக்கியராஜ். "நான் ஸ்டுடியோலருந்து பேசறேன்."